அநாதைச் சிறுவர்களை வித்வான்களாக்கிய அலாவுத்தீன் கான்

சென்னையிலிருந்து ஜபல்பூர் மார்க்கமாகக் காசிக்குச் செல்லும் யாத்ரீகர்கள், காட்னியைத் தாண்டி சத்னாவை அடையுமுன் மைஹர் என்ற சிறிய ரயில் நிலையத்தைக் கடக்கிறார்கள். மும்பையிலிருந்து பிரயாகை செல்வோருக்கும் இதே பாதைதான். அங்கே இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் திரிகூட மலை மீதுள்ள சாரதா தேவியைத் தரிசிக்க வருபவர்கள். கோயிலை அடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஏறவேண்டும்.

கல்விக்கும் கலைக்கும் அதிதேவதையான அந்த அன்னையின் ஊருக்கு, வடநாட்டுச் சங்கீத உலகில் மற்றொரு பெருமையும் உண்டு. சித்தார் மேதை ரவிசங்கர், சரோட் மேதை அலி அக்பர் கான், நிகில் பானர்ஜி, புல்லாங்குழல் வித்வான் பன்னாலால் கோஷ் ஆகிய அனைவருக்கும் குருவாக விளங்கிய உஸ்தாத் அலாவுத்தீன் கான் வாழ்ந்த ஊர் அது. அவருடைய சீடர்களின் பெயர்களை உலகம் அறியும். ஆனால் அவர் தம் கையாலேயே வளர்த்த மற்றொரு சீடர் கூட்டம் உண்டு. தாய் தந்தையற்ற ஏழைச் சிறுவர் சிறுமியரைக் கொண்டு அவர் அமைத்த வாத்திய கோஷ்டியே அது. மைஹர் பாண்டு என்று பெயர் பெற்ற அந்தக் கோஷ்டி, அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

வீட்டை விட்டு ஓடிய சிறுவன்

அலாவுத்தீன் பிறந்தது கிழக்கு வங்காளத்தில், இன்றைய வங்கதேசத்தின் பிராமண்பாரியாவை அடுத்த சிவ்பூர் கிராமத்தில். அவர் பிறந்த ஆண்டு 1862 என்று ஒரு சாராரும், 1881 என்று மற்றொரு சாராரும் கூறுவர். தந்தையார் விவசாயி, சித்தாரும் வாசிப்பார். அண்ணன் அஃப்தாபுத்தீன் பல வாத்தியங்களில் தேர்ந்தவர். தம்பியின் முதல் குரு அவரே.

பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் மனம் செல்லவில்லை. சிறு வயதிலேயே வீட்டை விட்டு ஓடி, ஊர் ஊராகச் செல்லும் யாத்ரா நாடகக் குழு ஒன்றில் சேர்ந்தான். வங்காளத்து நாட்டுப்புறப் பாட்டுகளும் மெட்டுகளும் அங்கேதான் அவன் காதில் ஊறின. பின்னர் அந்நாளைய கல்கத்தாவை அடைந்தான். கையில் காசில்லை, தெரிந்தவர் எவருமில்லை. அன்னதானத்தில் கிடைத்த சோற்றை உண்டு காலம் தள்ளினான்.

கோபால கிருஷ்ண பட்டாச்சார்யா என்ற பாடகர் அவனைச் சீடனாக ஏற்றார். பன்னிரண்டு ஆண்டுகள் ஸ்வர சாதகம் மட்டுமே செய்யவேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. நம் பக்கத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை சொல்லி வைப்பதைப் போன்ற பயிற்சி. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள்! அலாவுத்தீன் அதற்கும் இசைந்தார். ஏழு ஆண்டுகள் சென்றதும் குரு பிளேக் நோய்க்கு இரையானார். அவரையன்றி வேறொருவரிடம் வாய்ப்பாட்டுக் கற்க மனம் ஒப்பாத சீடர், பாட்டை விட்டு வாத்தியத்தின் பக்கம் திரும்பினார்.

விவேகானந்தரின் உறவினரான அமிருதலால் தத்தர் அப்போது கல்கத்தாவின் ஸ்டார் தியேட்டரில் இசை அமைப்பாளராக இருந்தார். அவரிடம் பல வாத்தியங்களையும், லோபோ என்ற கோவா நாட்டு பாண்டு மாஸ்டரிடம் மேனாட்டு முறையில் பிடிலையும், ஹஜாரி உஸ்தாதிடம் ஷெனாயையும் அலாவுத்தீன் கற்றார். நாடகக் கொட்டகையின் வாத்திய கோஷ்டியில் வாசித்து வயிறு வளர்த்தார். பல வாத்தியங்கள் ஒரே குரலாக இணையும் வித்தையை அவர் முதலில் கண்டது அந்தக் கொட்டகையில்தான். பிற்காலத்தில் மைஹரில் முளைத்த விதை அங்கே விழுந்தது.

அடைத்த கதவுகள்

முக்தகாச்சா ஜமீன்தாரின் மாளிகையில் ஒருநாள் அகமது அலி கானின் சரோட் வாசிப்பைக் கேட்டார். அதுவரை கற்றதெல்லாம் ஒன்றுமில்லை என்ற எண்ணம் அவரை ஆட்கொண்டது. அகமது அலியிடமே சீடராகி, சமையல் முதல் எல்லாப் பணிவிடைகளும் செய்து சில ஆண்டுகள் கழித்தார்.

அடுத்து அவர் நாடிச் சென்றது ராம்பூர். அந்தச் சமஸ்தானத்தின் ஆஸ்தான வித்வான் வஜீர் கான், தான்சேன் பரம்பரையைச் சேர்ந்த பீன் வித்வான். அந்நாளில் இத்தகைய பரம்பரை வித்தை பிள்ளைக்கும் பேரனுக்கும்தான் சொல்லித் தரப்படும். அயலாருக்குக் கதவு திறக்காது. எங்கோ வங்காளத்துக் கிராமத்திலிருந்து வந்த அலாவுத்தீனை வாயிற்காவலர்கள் உள்ளேயே விடவில்லை. மனமுடைந்த அவர், ஒருநாள் நவாபின் வாகனத்துக்கு முன்னால் விழுந்து தம் குறையை முறையிட்டார் என்று சொல்வார்கள். நவாப் அவருடைய வாசிப்பைக் கேட்டு வியந்து, வஜீர் கானை வரவழைத்துச் சீடராக ஏற்கச் செய்தார்.

ஏற்றுக்கொண்டாரே தவிர, வெகு காலம் குரு எதுவும் கற்பிக்கவில்லை. ராம்பூர் சமஸ்தான பாண்டில் வாசித்துக்கொண்டும் கிடைத்த வித்வான்களிடமெல்லாம் உருப்படிகளைச் சேகரித்துக்கொண்டும் சீடர் காத்திருந்தார். இதற்கிடையே ஊரில் அவருக்கு மணம் செய்து வைத்திருந்தார்கள். மனைவி மதன்மஞ்சரியை விட்டுவிட்டு மணமான கையோடு மீண்டும் ஓடி வந்தவர் அவர். கணவர் திரும்பாத துயரத்தில் அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற செய்தி ராம்பூருக்கு வந்தது. அதன் பிறகே, இந்தச் சீடர் எதையெல்லாம் துறந்து வந்து தம் வாசலில் நிற்கிறார் என்பது வஜீர் கானுக்குப் புரிந்ததாம். அன்று முதல் அவர் மனம் திறந்து கற்பித்தார். பீன் மட்டும் குடும்பத்துக்கு உரியது. அதன் நுட்பங்களைச் சரோடில் வாசிக்கலாம் என்ற ஒரே வரம்புடன் மற்ற எல்லாவற்றையும் வழங்கினார்.

ஒரு வாசலில் இத்தனை காலம் நின்றவர், தமக்கென்று ஒரு வீடு அமைந்தபோது அதன் கதவை எவருக்கும் அடைக்கவில்லை. அவர் வாழ்க்கையின் பிற்பகுதி முழுவதையும் இந்த ஒன்றைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

கொள்ளை நோய் விட்டுச்சென்ற குழந்தைகள்

1918-ஆம் ஆண்டில் மைஹர் சமஸ்தானத்து மகாராஜா பிரிஜ்நாத் சிங் அவரைத் தம் ஆஸ்தான வித்வானாகவும் சங்கீத குருவாகவும் அழைத்துக்கொண்டார். மைஹர் மிகச் சிறிய ராஜ்யம். பெரிய சமஸ்தானங்களின் செல்வமோ படாடோபமோ அங்கில்லை. ஆனால் மலை மீது சாரதா தேவி இருந்தாள். ஐந்து வேளை தொழுகை தவறாத அலாவுத்தீன், அந்த அன்னையிடமும் அளவற்ற பக்தி பூண்டார். படியேறிச் சென்று சந்நிதியில் வணங்குவது அவர் வழக்கமாயிற்று. இதில் முரண்பாடு எதையும் அவர் கண்டதில்லை. ஊராரும் காணவில்லை. எல்லோருக்கும் அவர் பாபா ஆனார்.

அதே ஆண்டில் இன்ஃப்ளுயென்ஸா என்னும் விஷக்காய்ச்சல் இந்தியா முழுவதும் பரவி லட்சக்கணக்கானோரைப் பலிகொண்டது. மைஹரையும் கொள்ளை நோய் விட்டுவைக்கவில்லை. பெற்றோரை இழந்த குழந்தைகள் போக்கிடமின்றித் தெருவில் நின்றார்கள். மகாராஜாவின் ஆதரவுடன் பாபா அவர்களைத் திரட்டினார். உணவும் உடையும் கொடுப்பதோடு கடமை தீர்ந்ததாக அவர் கருதவில்லை. ஆளுக்கொரு வாத்தியத்தைக் கையில் கொடுத்தார். மைஹர் பாண்டு இப்படித்தான் பிறந்தது.

சங்கீதக் குடும்பத்தில் பிறந்தவன்தான் சங்கீதம் கற்க முடியும் என்று உறுதியாக நம்பப்பட்ட காலம் அது. இந்தக் குழந்தைகளுக்குப் பரம்பரை இல்லை. பலருக்கு எழுதப் படிக்கவும் தெரியாது. ஆகவே பாபா காதையே நம்பினார். ஒவ்வொரு மெட்டையும் பாடிக் காட்டுவார், வாசித்துக் காட்டுவார், விரல் பிடித்து வைப்பார். ஒவ்வொரு வாத்தியமும் எங்கே நுழையவேண்டும், எங்கே ஓயவேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். மேனாட்டு ஆர்க்கெஸ்ட்ராவில் ஒவ்வொருவர் முன்பும் ஸ்வரத் தாள் இருக்கும். மைஹர் பாண்டிலோ முழு உருப்படியும் ஒவ்வொரு சிறுவனின் நெஞ்சிலும் இருந்தது.

துப்பாக்கி பாடியது

கோஷ்டியில் சித்தார், சரோட், எஸ்ராஜ், சாரங்கி, தபேலா ஆகியவற்றுடன் பிடில், செல்லோ, கிளாரினெட், பியானோ, ஹார்மோனியம் ஆகியவையும் இடம்பெற்றன. கல்கத்தா நாடகக் கொட்டகையிலும் கோவா மாஸ்டரிடமும் கற்றது வீண்போகவில்லை. புது வாத்தியங்களும் உருவாயின. சித்தாரையும் பாஞ்சோவையும் இணைத்து ஒன்று; வில் கொண்டு வாசிக்கும் சந்திரசாரங் என்று மற்றொன்று.

எல்லாவற்றிலும் விசித்திரமானது நல்தரங். அரண்மனை ஆயுதசாலையில் உபயோகமற்றுக் கிடந்த துப்பாக்கிகளின் இரும்புக் குழல்களை வெவ்வேறு நீளத்தில் அறுத்து, ஸ்வர வரிசைப்படி அடுக்கி, குச்சியால் தட்டி வாசிக்கும்படி அமைத்தார் பாபா. நம்மவர்களுக்குத் தெரிந்த ஜலதரங்கத்தைப் போன்றதுதான். கிண்ணத்துக்கும் தண்ணீருக்கும் பதிலாகத் துப்பாக்கிக் குழல். உயிரைக் குடிக்கச் செய்த கருவி, அநாதைச் சிறுவன் கையில் ராகம் பாடிற்று.

ராகங்களை அடிப்படையாகக் கொண்ட உருப்படிகள், நாட்டுப்புற மெட்டுகள், மேனாட்டுச் சாயல் கொண்ட இசை என்று பலவும் பாண்டுக்காக அவர் அமைத்தவை. 1920-களில் லக்னோவில் நடைபெற்ற அகில இந்திய சங்கீத மாநாட்டில் இந்தக் கோஷ்டியை வாசிக்கச் செய்தார். பெரிய கரானாக்களின் உஸ்தாதுகளும் பண்டிதர்களும் கூடிய சபையில் மைஹர் தெருவில் நின்ற பிள்ளைகள் அமர்ந்து வாசித்தார்கள்.

கண்டிப்பும் கருணையும்

பாபாவின் கோபம் பிரசித்தம். சுருதி பிசகினாலும் தாளம் தவறினாலும் கையில் கிடைத்ததை எடுத்து வீசுவார். மகாராஜா மீதே ஒருமுறை தபேலா தட்டும் சுத்தியல் பறந்ததாகச் சொல்வார்கள். மகன் அலி அக்பருக்கு நாள் முழுவதும் சாதகம், அடிக்கும் குறைவில்லை. பொறுக்க மாட்டாமல் மகன் ஒருமுறை வீட்டை விட்டே ஓடினார். தாமும் அந்த வயதில் ஓடியவர் என்பதைத் தந்தை எண்ணிப் பார்த்தாரோ என்னவோ, கண்டிப்பு மட்டும் குறையவில்லை. இந்தக் கடுமையால் நொந்தவர்களும் உண்டு. பாதியில் விலகியவர்களும் உண்டு.

ஆனால் பணத்துக்காக அவர் எவருக்கும் கற்பித்ததில்லை. வீட்டில் தங்கிய சீடர்களுக்கு அவருடைய மனைவி மதன்மஞ்சரி சோறிட்டு வளர்த்தார். ஒரு காலத்தில் தாம் கைவிட்டுச் சென்ற மனைவியின் பெயரையே பாபா ஒரு புதிய ராகத்துக்குச் சூட்டினார். மதன்மஞ்சரி ராகம் இன்றும் அவரது பரம்பரையினரால் வாசிக்கப்படுகிறது.

அவர் மனத்தில் ஆறாத காயம் ஒன்றும் இருந்தது. மூத்த மகள் ஜஹனாராவுக்குச் சங்கீதம் கற்பித்து மணம் செய்து கொடுத்தார். புகுந்த வீட்டார் அவளுடைய தம்புராவை எரித்துவிட்டார்கள். அந்த மகள் நெடுநாள் வாழவில்லை. இனிப் பெண் பிள்ளைக்குச் சங்கீதம் வேண்டாம் என்று பாபா முடிவு செய்தார். ஆனால் இளைய மகள் அன்னபூர்ணா, அண்ணனுக்கு நடக்கும் பாடத்தைக் கேட்டே மனத்தில் ஏற்றிக்கொண்டு, ஒருநாள் அவர் செய்த பிழையைத் திருத்தினாள். வெளியே சென்றிருந்த தந்தை திரும்பி வந்து மறைவில் நின்று அதைக் கேட்டார். அன்றே அவளுக்கும் பாடம் தொடங்கியது. பின்னாளில் சுர்பஹார் வாத்தியத்தில் இணையற்றவராக விளங்கிய அன்னபூர்ணா தேவி, மேடையை விட்டு விலகி மும்பையில் தனிமையில் வாழ்ந்து சீடர்களை உருவாக்கி, 2018-ல் காலமானார். புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியா அவருடைய சீடரே.

மைஹரிலிருந்து டில்லி வரை

1935-ல் நடனக் கலைஞர் உதயசங்கரின் குழுவுடன் பாபா ஐரோப்பா சென்றார். அந்தக் குழுவில் இருந்த உதயசங்கரின் கடைசித் தம்பி ரவிசங்கர், 1938-ல் பாரிஸ் வாழ்க்கையின் சுகங்களைத் துறந்து மைஹருக்கு வந்து குருகுலவாசம் செய்தார். அல்மோராவில் உதயசங்கர் நடத்திய கலை மையத்திலும் பாபா சிறிது காலம் கற்பித்தார். பாலசரஸ்வதியின் நட்டுவனாரான கந்தப்ப பிள்ளை பரத நாட்டிய ஆசிரியராகப் பணியாற்றியதும் அதே மையத்தில்தான். 1941-ல் ரவிசங்கர், அன்னபூர்ணா திருமணம் அல்மோராவில் நடந்தேறியது. பிற்காலத்தில் அவர்கள் பிரிந்தார்கள்.

தனி வாத்தியக் கச்சேரிகளால் புகழ்பெற்ற இந்தச் சீடர்களில் சிலர் கோஷ்டி இசையிலும் ஈடுபட்டார்கள். பாபாவின் ஆரம்ப காலச் சீடரான திமிர் பரன், உதயசங்கரின் நடனங்களுக்கு வாத்திய கோஷ்டி இசை அமைத்தார். சுதந்திரத்துக்குப் பின் அகில இந்திய வானொலி டில்லியில் வாத்திய விருந்தம் என்ற தேசிய கோஷ்டியை ஏற்படுத்தியபோது, அதை நடத்தும் பொறுப்பு ரவிசங்கரிடமும், நம்மவரான பிடில் வித்வான் டி.கே. ஜெயராமய்யரிடமும் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் பன்னாலால் கோஷும் அந்தப் பொறுப்பை வகித்தார். தெற்கும் வடக்கும் ஒன்றாக அமர்ந்து வாசித்த அந்தக் கோஷ்டியை வானொலியில் கேட்டு மகிழ்ந்த பழைய தலைமுறையினர் டில்லித் தமிழர்களிடையே உண்டு.

சமஸ்தானம் மறைந்த பின்

1948-ல் மைஹர் சமஸ்தானம் இந்திய யூனியனின் விந்தியப் பிரதேசத்தில் இணைந்தது. 1956-ல் அது மத்தியப் பிரதேசத்தின் பகுதியாயிற்று. ஆதரித்த அரசு போனதும் நாடெங்கும் எத்தனையோ சமஸ்தான வித்வான்கள் நிராதரவாயினர். மைஹர் பாண்டுக்கும் அந்த ஆபத்து நேர்ந்தது. ஆனால் பாபா ஊரை விட்டு நகரவில்லை. பெரிய நகரங்களும் பெருஞ்சம்பளமும் அவரை அசைக்கவில்லை. 1955-ல் மைஹரில் ஒரு சங்கீதக் கல்லூரியை ஏற்படுத்தினார். அரசு ஆதரவில் பாண்டும் பிழைத்தது.

கௌரவங்கள் மைஹரைத் தேடி வந்தன. 1952-ல் சங்கீத நாடக அகாடமி விருது, 1958-ல் பத்மபூஷண், 1971-ல் பத்மவிபூஷண். 1972 செப்டம்பர் 6-ஆம் தேதி பாபா மைஹரிலேயே காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இன்று மைஹர் ஒரு தனி மாவட்டத்தின் தலைநகர். 2023-ல் அந்த அந்தஸ்து கிடைத்தது. மத்தியப் பிரதேச அரசின் ஆதரவில் ஆண்டுதோறும், பெரும்பாலும் பிப்ரவரியில், உஸ்தாத் அலாவுத்தீன் கான் சங்கீத விழா அங்கே நடைபெறுகிறது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வித்வான்கள் வந்து வாசிக்கிறார்கள். விழாவில் முதல் மரியாதை மைஹர் பாண்டுக்கே. மைஹர் வாத்திய விருந்தம் என்று இப்போது அழைக்கப்படும் அந்தக் கோஷ்டி பாபா அமைத்த உருப்படிகளை வாசிக்கிறது. நல்தரங்கும் ஒலிக்கிறது.

பாபா திரட்டிய முதல் தலைமுறைச் சிறுவர்களில் இன்று எவரும் இல்லை. அவர்கள் அடுத்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், அவர்கள் அதற்கடுத்தவர்களுக்கு. காதால் கற்ற வித்தைக்கு ஓர் ஆபத்து உண்டு. கற்க ஆளில்லாமல் ஒரு தலைமுறை இடையே அறுந்தால், தாளைப் பார்த்து மீட்க வழியில்லை. அரசு ஆதரவு, வாத்தியங்களின் பராமரிப்பு, இளைஞர்களின் ஆர்வம் ஆகிய மூன்றும் என்றும் சேர்ந்து இருந்தால்தான் இந்தக் கோஷ்டி நிலைக்கும்.

மறுபுறம், தாளும் கட்டடமும் நிரந்தரம் என்று சொல்வதற்கில்லை. அவர் பிறந்த மண்ணான பிராமண்பாரியாவில் அவர் பெயரால் அமைந்த சங்கீத நிலையமும் காட்சியகமும் 2016-ல் ஒரு கலவரத்தில் தீக்கிரையாயின. அவர் கைபட்ட வாத்தியங்களும் அதில் அழிந்தன. 2021-ல் மீண்டும் அதே கதி. அங்கே பொருள் எரிந்தது. மைஹரில் அவர் குழந்தைகளின் நெஞ்சில் எழுதி வைத்த இசை மட்டும், வாய் வழியே கை மாறி, நூறாண்டு கடந்தும் வாழ்கிறது. ரவிசங்கரும் அலி அக்பரும் அவருக்கு உலகப் புகழைத் தந்தார்கள். பெயர் தெரியாத அந்த அநாதைப் பிள்ளைகள் அவருடைய இசையை அவருடைய ஊரிலேயே காப்பாற்றித் தந்தார்கள்.